சாரா வான் பாடிய ‘ஆட்டம் லீவ்ஸ்’: இதில் பாட்டு எங்கே இருக்கிறது?

தெற்குவீதி:
ஜாஸ் கேட்க ஆரம்பித்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. எலா ஃபிட்ஸ்ஜெரால்டில் தொடங்கி, அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று சாரா வானுக்கு வந்தேன். 1982-இல் வெளிவந்த ‘கிரேசி அண்ட் மிக்ஸ்டு அப்’. நாற்பது வருடமாகப் பாடிக்கொண்டிருந்த பாடகி, பழைய ஸ்டாண்டர்டுகள் (ஜாஸ்காரர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுக்கும் பிரபலப் பாட்டுகள்), பின்னால் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் மட்டும். நமக்குத் தோதானது என்று நினைத்துத்தான் போட்டேன். முதல் இரண்டு பாட்டும் அருமை. மூன்றாவது ‘ஆட்டம் லீவ்ஸ்’, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் ஒரு வார்த்தைகூட இல்லை! மெட்டும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே தபதுபி என்று ஸ்கேட், அதாவது அர்த்தமில்லாத அசைகளை வைத்துப் பாடுவது. வேறு எதையோ பெயர் மாற்றி ஏற்றிவிட்டார்களோ என்று இன்னொரு இடத்திலும் தேடிக் கேட்டேன், அங்கும் இதேதான். இதை எப்படி ரசிப்பது? கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

பாஸ்லைன்:
ஏற்றியதில் தப்பு இல்லை, அவர் பாடியதே அப்படித்தான். அந்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும் அவரேதான், அதனால் ‘வார்த்தை வேண்டாமா அம்மா’ என்று கேட்க ஆளில்லை.

‘ஆட்டம் லீவ்ஸ்’ முதலில் பிரெஞ்சுப் பாட்டு. ஜோசப் காஸ்மாவின் மெட்டு, ஷாக் ப்ரெவேரின் வரிகள், 1946-இல் ஒரு படத்தில் வந்தது. ஜானி மெர்சர் ஆங்கிலத்தில் எழுதிய பிறகு அதைத் தொடாத ஜாஸ்காரர் அநேகமாக இல்லை. 1982-இல் அந்த ஆல்பத்தை வாங்கியவருக்கு மெட்டு மனப்பாடம். அதைத் திரும்பப் பாடிக் காட்ட வேண்டியதில்லை, அடியில் ஓடும் கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை போதும். 32 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) கொண்ட சுற்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதன் மேல் அவர் புதிது புதிதாக மெட்டுக் கட்டிக்கொண்டே போகிறார்.

உங்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், அசல் மெட்டு காதில் ஏறும் முன்பே இதற்கு வந்துவிட்டீர்கள். நாட் கிங் கோல் நிதானமாகப் பாடிய பதிவை நாலைந்து தடவை கேளுங்கள். அப்புறம் சாரா பாடும்போது அசல் மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள், எங்கே விலகுகிறார், எங்கே ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று தெரியும்.

ஸ்கேட் என்றதும் நம் ஆட்கள் கற்பனாஸ்வரம் என்று சொல்லிவிடுவார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. ‘ஸரிக’ என்றால் அது அந்தச் சுரத்தின் பெயர். ஸ்கேட்டில் அசைக்கும் சுரத்துக்கும் சம்பந்தம் கிடையாது, ஆலாபனையில் ‘ததரின’ என்று போகிறார்களே, அதற்குத்தான் கொஞ்சம் கிட்டே வரும்.

எலாவிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்று. 1960-இல் பெர்லின் கச்சேரியில் எலாவுக்கு ‘மேக் த நைஃப்’ நடுவில் வரிகள் மறந்துபோய், மேடையிலேயே சொந்தமாக வரி கட்டிச் சமாளித்தார், அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. அங்கே வார்த்தை அவரைக் கைவிட்டது, இங்கே சாரா வார்த்தையைக் கைவிட்டார். சாரா நன்றாகப் பியானோ வாசிப்பவர், 1943-இல் பியானோகாரர் எர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் பாடகியாக மட்டுமல்ல, இரண்டாவது பியானோகாரராகவும் இருந்தார். அடுத்த கார்டு எது என்பது அவர் விரலுக்கே தெரியும், அதனால்தான் அந்த வேகத்திலும் தடுமாற்றம் இல்லை.

நள்ளிரவுவானொலி:
பாஸ்லைன் சொன்னது சரி, ஆனால் புதிதாக வருபவருக்கு இந்த ஆல்பத்தைக் கொடுத்ததே தப்பு என்பேன். ஸ்டாண்டர்டு ஆல்பம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், உள்ளே இருக்கும் எட்டில் இரண்டு பிரேசில்காரர் இவான் லின்ஸின் மெட்டு, ஒன்று பியானோ வாசித்த ரோலண்ட் ஹானாவே போட்டது. நல்ல பாட்டுகள்தான் (‘தி ஐலண்ட்’ எனக்கு உயிர்), ஆனால் ஸ்விங் (ஜாஸின் அந்த ஆடும் தாள நடை) தேடி வந்தவருக்கு அது வேறு ஊர்.

1978-இல், இந்த ஆல்பத்தை வெளியிட்ட அதே பாப்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய ‘ஹவ் லாங் ஹாஸ் திஸ் பீன் கோயிங் ஆன்’ இருக்கிறது. ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஜோ பாஸ் கிட்டார், ரே பிரவுன் பாஸ், லூயி பெல்சன் டிரம்ஸ். இந்த நாலு பேர் பின்னால் இருந்தால் நாற்காலிகூட ஆடும். நாலு பேருக்கும் தலா ஒரு பாட்டு, சாராவோடு தனியாக. ரே பிரவுனுக்குக் கிடைத்தது ‘பாடி அண்ட் சோல்’. 1942-இல் நியூயார்க் அப்பல்லோ அரங்கின் புதுமுகப் போட்டியில் 18 வயதுப் பெண்ணாக சாரா பாடி ஜெயித்ததும் அதே பாட்டுத்தான். பரிசு 10 டாலர், கூடவே ஒரு வாரம் அங்கே பாடும் வாய்ப்பு, அந்த வாரத்தில் அவர் பாடி முடித்ததும் மேடை ஏறியவர் உங்கள் எலா! 36 வருடம் கழித்து, பியானோகூட இல்லாமல், ஒரு பாஸை மட்டும் வைத்துக்கொண்டு அதே பாட்டு. குரல் அடித்தட்டுக்கு இறங்கி, கிட்டத்தட்ட ஆண் குரல் கனத்துக்கு வந்திருக்கும். சிலருக்கு அந்தக் கனம் பிடிக்காது, 50-களின் குரல்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு இதுதான் வேண்டும்.

தெற்குவீதி:
இரண்டு பேருக்கும் நன்றி. நாட் கிங் கோலைக் கேட்டுவிட்டு முணுமுணுத்துப் பார்த்தேன். முதல் சுற்று பிடிபட்டது, இரண்டாவதில் எங்கேயோ தொலைந்துபோய், ஜோ பாஸ் (இதிலும் கிட்டார் அவர்தான்) வாசிக்கும்போது முழுதாகக் கைவிட்டேன். தொடையில் தாளம் போட்டால் அதுவும் என்னவோ பாட்டை இழுத்துப் பிடிக்கிற மாதிரியே இருக்கிறது.

பாஸ்லைன்:
ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை, தாளத்தை 1, 3-இல் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2, 4-இல் தட்டிப் பாருங்கள், ஹை-ஹாட் (டிரம்ஸில் காலால் மூடும் ஜோடித் தட்டு) மூடுவது அங்கேதான். இந்த வேகத்தில் வேண்டாம், முதலில் நிதானமான ஒரு பாட்டில் பழகுங்கள். நிதானத்தில்தான் ஸ்விங்கின் நெடில்-குறில் (ஒரு எண்ணிக்கைக்குள் வரும் இரண்டு சுரத்தில் முதலாவது நீளம், அடுத்தது குட்டை) நன்றாகக் கேட்கும், ஏறத்தாழ திஸ்ரத்தில் நடு எழுத்தை விழுங்கினால் எப்படியோ அப்படி. வேகம் ஏற ஏற இரண்டும் சமமாகிவிடும்.

தெற்குவீதி:
2, 4-இல் தட்டினேன். வீட்டில் எல்லாரும் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். ஆனால் பாஸ் கருவி எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடப்பது இப்போது கேட்கிறது.