முடோம்போ கட்டிய மருத்துவமனை: உண்மையில் அவர் பணமா?

கேள்வி: கூடைப்பந்து வீரர் டிகெம்பே முடோம்போ என்றாலே எனக்கு எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டு விரலை ஆட்டுவதுதான் ஞாபகம். காங்கோவில் மருத்துவமனை கட்டினாராமே? சும்மா பெயரைக் கொடுத்தாரா, காசும் போட்டாரா?

பதில்: நன்றாகவே போட்டார். 1998-இல் காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, சண்டையால் தெருக்கள் அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டிலேயே இறந்துபோனார். 2007-இல் திறந்த 300 படுக்கை மருத்துவமனைக்கு அம்மாவின் பெயர்தான்: பியாம்பா மரி முடோம்போ. செலவு சுமார் 2.9 கோடி டாலர், அதில் பாதிக்கு மேல் இவர் கைக்காசு. நன்கொடை கேட்டும் அலைந்தார். சக வீரர்கள் எதிர்பார்த்த அளவு கொடுக்கவில்லை என்பது தனிக்கதை.

பதில்: எனக்குப் பிடித்தது வேறொன்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடிய ஜயர் (காங்கோவின் அப்போதைய பெயர்) பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சீருடையும் செலவும் கொடுத்தது இவர்தான். அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கேள்வி கேட்டவர்: சரி, ஏன் மருத்துவமனை? மைதானம் கட்டியிருக்கலாமே?

பதில்: அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு அவர் படிக்க வந்ததே மருத்துவராகும் எண்ணத்தில்தான் ஐயா! அப்புறம், அப்பா பெயரில் காங்கோவின் இம்புஜி-மாயி நகரத்துப் பக்கம் ஒரு பள்ளியும் கட்டினார்.