சூடானா செல்ஃப் எடுக்காத பழைய மினி டிராக்டர்

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
தென்னந்தோப்புல ஓடுற பழைய 18 எச்.பி. டீசல் வண்டிங்க. காலைல பட்டுனு ஸ்டார்ட் ஆயிடும். ரோட்டவேட்டர் ஓட்டிட்டு, டீ குடிச்சுட்டு வந்து சாவியைத் திருப்புனா ‘டக்’னு ஒரே சத்தம். சில நேரம் அதுவும் இல்ல. ஆறவிட்டா தானா எடுக்குது. பேட்டரி போன தைல போட்டது. லைட்டைப் போட்டுட்டுத் திருப்புனா துளிகூட மங்கல. சோலினாய்டுல (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்சு) பேட்டரி போல்ட்டையும் சாவி ஒயர் வர்ற சின்ன டெர்மினலையும் ஸ்குரூடிரைவரால சேர்த்துத் தொட்டா உடனே சுத்துது. கடையில செல்ஃப் மோட்டாரையே மாத்தச் சொல்றாங்க. மாத்தோணுங்களா?

வாழைத்தோட்டம்:
பேட்டரி மைனஸ்லிருந்து பாடிக்குப் போற எர்த் பட்டையைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. பாதி வண்டிக்கு அதுதான்.

பழைய ஒயர்மேன்:
எர்த் போயிருந்தா ஸ்குரூடிரைவர் வெச்சாலும் சுத்தாதே! நேரா குடுத்தா சுத்துதுன்னா மோட்டார், சோலினாய்டு, எர்த் மூணும் தேவலை. வோல்ட் சாவிக்கும் சின்ன டெர்மினலுக்கும் நடுவுலதான் காணாமப் போகுது. சோலினாய்டு காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், இழுக்கக் கூடுதல் வோல்ட் வேணும். அதான் காலைல தேறுது, மத்தியானம் தேறல. வண்டி சூடா இருக்கறப்பவே சின்ன டெர்மினல்ல மீட்டர் வெச்சு, இன்னொருத்தரைத் திருப்பச் சொல்லுங்க.

தம்பி, அந்த ஸ்குரூடிரைவர் வேலை இனி வேண்டாம். நீங்க நிக்கறது பின் சக்கரத்துக்கு முன்னாடி. கியர்ல கிடந்தா மேலயே ஏறிடும்.

தோப்புக்காரன்:
அளந்தேங்கண்ணா. பேட்டரில 12.5, சின்ன டெர்மினல்ல 8.1. கிளட்ச் சுவிட்சுலயே ரெண்டு வோல்ட் போயிருது, மீதி சாவியில. சுவிட்சை ஷார்ட் பண்ணிடலாமா?

பழைய ஒயர்மேன்:
கூடவே கூடாது. கிளட்சை மிதிக்காம ஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னுதான் அதை வெச்சிருக்கான். 40 ஆம்ப் ரிலே ஒண்ணு வாங்குங்க, சின்ன கரண்ட்டை வெச்சுப் பெரிய கரண்ட்டை விடுற சுவிட்சு அது. அதோட கால்ல 30, 85, 86, 87-னு நம்பர் இருக்கும். சின்ன டெர்மினலுக்கு வர்ற பழைய ஒயரைக் கழட்டி 86-ல போடுங்க. 85 எர்த். பேட்டரி பிளஸ்லிருந்து 30 ஆம்ப் ஃபியூஸ் வழியா 30-ம் நம்பர் காலுக்கு. 87-லிருந்து சின்ன டெர்மினலுக்கு. இந்த ரெண்டுக்கும் தடி ஒயர். ரிலே காயிலுக்குக் கால் ஆம்ப்கூட வேண்டாம், அதனால தேஞ்ச சாவியே தாங்கும். கிளட்ச் சுவிட்சும் வேலை செய்யும்.

தோப்புக்காரன்:
போட்டாச்சுங்கண்ணா, உச்சி வெயில்லயும் எடுக்குது! ரிலேயை இப்ப ஒயர்லயே தொங்கவிட்டிருக்கேன். எங்க மாட்டறது?

பழைய ஒயர்மேன்:
டேஷ்போர்டுக்குப் பின்னால, சைலன்சர் சூடு படாத பக்கமா. ரிலேவோட கால் கீழ பார்த்து இருக்கோணும், இல்லைன்னா வண்டி கழுவுற தண்ணி உள்ள நின்னுரும்.