தோப்புக்கு எந்த மரம் அறுக்குற மெஷின் வாங்கலாம்?

கேள்வி, பேராவூரணி விவசாயி:
ரெண்டு ஏக்கர் தென்னை இருக்கு. 2018 கஜா புயல்ல விழுந்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காம தோப்பு மூணு மாசம் அப்படியே கெடந்துச்சு. இப்ப வருஷத்துக்கு நாலஞ்சு பட்ட மரம், வேலிக்கருவை, விறகு, அவ்வளவுதான் வேலை. கடைக்காரர் 70 சிசி இஞ்சின், 25 இஞ்ச் பார் (செயின் சுத்துற நீளப் பட்டை) எடுக்கச் சொல்றார். அவ்வளவு பெருசு வேணுமாண்ணே?

மரம் அறுக்கிறவர்:
வேணாம் தம்பி. 70 சிசி என்னை மாதிரி தினமும் புளி, வேம்பு அடிமரம் அறுக்கிறவனுக்கு. பாரும் செயினும் மாட்டாமலே ஆறு கிலோ இருக்கும், பழகாத கை அரைமணியில சோர்ந்துடும். சோர்ந்த கையிலதான் மெஷின் எகிறும். பார் நுனியோட மேல்பாதி மரத்துல பட்டா முகத்தை நோக்கித் திரும்பும். எனக்கு இடது தோள்ல ஏழு தையல் அப்படி வந்ததுதான். எகிறுனா செயினை உடனே நிறுத்துற செயின் பிரேக் சரியா பிடிக்குதான்னு கடையிலயே பாத்துடுங்க.

உங்களுக்கு 45 சிசி, 18 இஞ்ச் தாராளம். தென்னைக்கு வைரம், அதாவது கெட்டியான பாகம், வெளிப்பக்கம், செயின் பல்லு சீக்கிரம் மழுங்கும். மண்ணு ஒட்டியிருந்தா தேய்ச்சுட்டு அறுங்க. சில்லு சில்லா விழுறவரை நல்லது. மாவா கொட்டுனா பல்லு மழுங்கிடுச்சு, நிறுத்தி உருட்டு அரத்தால கூர் போடுங்க.

விவசாயி:
பெட்ரோல் கலவை எப்படிண்ணே?

மரம் அறுக்கிறவர்:
நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். மெஷின் புத்தகத்துல வேற அளவு இருந்தா அதைத்தான் கேக்கணும். மிச்சக் கலவையை மாசக்கணக்கா டேங்குல விடாதீங்க, கார்புரேட்டர் அடைச்சுக்கும்.

இன்னொருவர்:
கொல்லையில முருங்கை, கொய்யா கிளை கழிக்க மட்டும்னா பேட்டரி மெஷின் போதும். தோப்புக்குப் பத்தாது.