மாங்கூழ் ஆலைக்கு நடத்தை விதிகள் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

கிருஷ்ணகிரிக்காரன்:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் அலுவலகப் பொறுப்பு பார்க்கிறேன். நிரந்தர ஆட்கள் 40 பேர், சீசன் வந்தால் மேஸ்திரி கூட்டி வருகிறவர்களோடு 200ஐத் தாண்டும், பாதிக்கு மேல் பழம் நறுக்கும் பெண்கள். வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் எழுத்தில் நடத்தை விதிகள் கேட்கிறார்கள். முதலாளி ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் பிடிஎஃபை அனுப்பி, பெயரை மட்டும் மாற்றிப் போடு என்கிறார். அதில் பங்குச் சந்தை ரகசியத்துக்கு நாலு பக்கம் இருக்கிறது, எடை மேடையைப் பற்றி ஒரு வரி இல்லை. போன சீசனில் எங்கள் எடை மேடையில் ஒருவர் வண்டிக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பழ எடையில் கழிக்கும் கழிவைக் குறைத்துப் போட்டார், கொடுக்காத விவசாயிக்குக் கூட்டிப் போட்டார். எந்த விதியைக் காட்டிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம், இன்னும் உறுத்துகிறது.

ஓசூர் மனிதவளம்:
அந்தப் பிடிஎஃபை மூடி வையுங்கள். கேட், எடை மேடை, நறுக்கும் கூடம், சம்பளம் போடும் மேஜை என்று ஒவ்வொரு இடத்திலும் அரை நாள் உட்கார்ந்து, போன இரண்டு சீசனில் என்ன தகராறு வந்தது என்று கேட்டு எழுதுங்கள், அதிலிருந்துதான் விதி வரும். "விவசாயியிடம் பணமோ பழமோ வாங்கக் கூடாது, கழிவு கழித்தால் காரணத்தைச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும்." இவ்வளவு போதும்.

அப்புறம் அபராதம். போன் பேசினால் 200, லேட்டானால் 100 என்று இஷ்டத்துக்குப் போட்டுவிடாதீர்கள். சட்டப்படி ஒரு மாத அபராதம் எல்லாம் சேர்த்து அந்த மாதக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பத்தாயிரம் வாங்குகிறவருக்கு 300தான். ஆளின் பதிலைக் கேட்காமல் பிடிக்கவும் முடியாது. பிடித்த பணம் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும், முதலாளி கணக்குக்கு அல்ல.

பாலக்கோடு அக்கா:
ஆறு சீசன் பழம் நறுக்கியவள், இப்போது வேறொரு ஆலையில் சூப்பர்வைசர். நீங்கள் முதலில் எழுத வேண்டியது பாலியல் தொல்லைப் புகார் பற்றி. அதற்கான 2013 சட்டப்படி பத்து பேர் வேலை செய்தாலே, புகாரை விசாரிக்க ஆலைக்குள்ளேயே ஒரு உள்ளகக் குழு வேண்டும், மேஸ்திரி கூட்டி வந்த தினக்கூலிகளும் அந்தக் கணக்கில் உண்டு. தலைவராக மூத்த பொறுப்பில் ஒரு பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளி ஆள் ஒருவர்.

நான் முன்பு இருந்த இடத்தில் போர்டில் பெயர்கள் இருந்தன, எல்லாம் மாடி ஆபீஸ்காரர்கள், நாங்கள் யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. புகாரை இமெயிலில் அனுப்பு என்று போட்டிருந்தது. என் பக்கத்தில் நின்று நறுக்கிய பெண் மேஸ்திரி பேசிய பேச்சு தாங்காமல், கையுறையைக் கழற்றித் தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போனவள்தான், அந்த வாரக் கூலி வாங்கக்கூட வரவில்லை. எழுத முடியாதவருக்குக் குழுதான் எழுத உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம், ஆனால் சீசன் முடிந்தால் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் கணக்கு முடிக்கும் நாளுக்கு முன்பே குழுப் பெண்கள் கூடத்துக்கு வந்து தனியாக உட்கார்ந்து கேட்கட்டும், மேஸ்திரி அந்தப் பக்கமே வரக் கூடாது.

பர்கூர் மண்டி:
ஒன்று மட்டும். நம்ம பக்கம் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கன்னடம். வேலைக்குச் சேர்க்கும் அன்றே அவரவர் பேச்சில் வாசித்துக் காட்டுங்கள், வெறும் கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசினேன். எடைச் சீட்டுக்குச் சரி என்றார், அபராதம்தான் இழுபறி, 3 சதவீதக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுத் தலைவராகக் கணக்குப் பிரிவில் ஒரு மூத்த அம்மா ஒப்புக்கொண்டார், நாளை அவரையும் கூட்டிக்கொண்டு நறுக்கும் கூடத்துக்குப் போகிறேன். வெளி உறுப்பினருக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் யாரையாவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.