புதுப்பிப்பு: கேம்பர் வேனில் குளிர்காலச் சமையல், மெத்தை காய்ந்துவிட்டது

படுக்கையும் அடுப்பும் உள்ள என் கேம்பர் வேனில் குளிரில் சமைத்தால் கண்ணாடியெல்லாம் வியர்த்து, மெத்தையின் அடிப்பக்கம் நனைகிறது, கூரை விசிறி ஓடியும் பயனில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் புரிந்தது. குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் நானே அடைத்திருந்தேன். காற்று உள்ளே வர வழியில்லாமல் விசிறி எதை வெளியே தள்ளும்?

அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திறப்புக்கு அளவாகப் பிளைவுட் வெட்டி, பழைய கணினியின் 12 வோல்ட் விசிறியை வெளியே ஊதும்படி பொருத்தினேன். எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைக்கிறேன். அவ்வளவுதான்.

அடுப்பில் 1 கிலோ புரொப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும்! குழம்பு கொதிக்கும் ஆவி தனி. அதனால் இப்போது எப்போதும் மூடி போட்டுத்தான் சமைக்கிறேன்.

போன வாரம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து அல்கான்குவின் பூங்காவில், மைனஸ் 15 டிகிரியில் இரண்டு இரவு. சாம்பார், சோறு எல்லாம் உள்ளேயே. காலையில் கண்ணாடியின் கீழோரம் மட்டும் ஈரம், மெத்தை காய்ந்திருந்தது.

அப்புறம், அடுப்பு எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. விசிறி இருந்தாலும் அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், தயவுசெய்து. குளிர்காயவும் அடுப்பை எரியவிடாதீர்கள்.

பிளைவுட் பலகையின் ஓரத்தில் இன்னும் உறைபனி படிகிறது. அடுத்த பயணத்துக்குள் அங்கே நுரைப் பட்டை ஒட்டப் போகிறேன்.