பழைய கலர் டிவி: மூலைகளில் நிறக் கறை, பியூரிட்டி ரிங்கைத் திருப்பலாமா?

கேள்வி

வணக்கம். 1980களின் ஆரம்பத்தில் வந்த 20 இன்ச் கலர் செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மர கேபினட், உள்ளே எல்லாம் ஒரிஜினல். பல வருஷம் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை ஒட்டியே நின்ற செட் என்று கொடுத்தவர் சொன்னார். பவர் சப்ளையில் உப்பிப்போயிருந்த கெபாசிட்டர்களை மாற்றிவிட்டு, சீரிஸ் பல்ப் (கரண்ட் எகிறாமல் தடுக்கத் தொடராகப் போடும் பல்ப்) போட்டு ஆன் செய்தேன். சத்தம் வந்தது, படமும் வந்தது.

நடுத்திரையில் முகங்கள் நல்ல நிறத்தில் இருக்கின்றன. மேல் இடது மூலையில் மட்டும் பச்சைப் படலம். வலது ஓரத்தில் மேலும் கீழும் கத்தரிப்பூ நிறத்தில் கறை. கலரைச் சுத்தமாகக் குறைத்துக் கருப்பு வெள்ளையில் பார்த்தாலும் கறை அதே இடத்தில் நிற்கிறது. போதாததற்கு, வலது ஓரத்தில் எழுத்துகளை ஒட்டிச் சிவப்பு நிழல் விழுகிறது.

டியூப் கழுத்தில் சின்னச் சின்னக் காதுகளோடு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே பெயிண்ட் தொட்டு சீல் வைத்திருக்கிறார்கள். அவற்றைத் திருப்பினால் சரியாகுமா? இல்லை டியூபே போய்விட்டதா? மாற்று டியூப் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், கேட்டுவிட்டுத்தான் கை வைப்பது என்றிருக்கிறேன்.

பதில் 1

தம்பி, அந்தக் காந்த ரிங்கைத் தொடாதீங்க. பெயிண்ட் சீல் உடையாமல் இருக்கிறது என்றால், ஃபேக்டரியில் வைத்த இடத்திலேயே அவை நிற்கின்றன என்று அர்த்தம். தானாக நகராத ஒன்று தானாகக் கெட்டுப்போகாது. கெட்டது வேறு எங்கேயோ இருக்கிறது. ரிங்கைத் திருப்பினால் ஒரு கோளாறின் மேல் இன்னொரு கோளாறை ஏற்றி வைத்தது போலாகும், பிறகு எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கருப்பு வெள்ளையிலும் கறை நிற்பதால் நிறத்தைக் கையாளும் குரோமா சர்க்யூட்டை மறந்துவிடலாம். அங்கே கோளாறு இருந்தால் நிறம் திரை முழுக்கத் தப்பும், இல்லையென்றால் நிறமே வராது. உங்களுடையது பியூரிட்டி பிரச்சினை. டியூப் கழுத்துக்குள் இருக்கும் சிவப்பு கன்னிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை, திரைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைத் தகடான ஷேடோ மாஸ்க் வழியாகப் போய், சிவப்பாக ஒளிரும் பூச்சான சிவப்புப் பாஸ்பரில் மட்டும் விழ வேண்டும். மாஸ்க் இரும்பு. அதில் காந்தம் ஏறிவிட்டால் கற்றை கொஞ்சம் விலகிப் பக்கத்து நிறத்தில் விழும். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் இருந்தது என்று நீங்கள் சொன்னதுமே சந்தேகம் அங்கேதான் போகிறது.

இதற்காகவே ஒவ்வொரு கலர் செட்டிலும் டியூபைச் சுற்றி டிகாஸிங் காயில் இருக்கிறது. ஆன் செய்தவுடன் பெரிய ஏ.சி. கரண்ட் அதில் பாய்ந்து, சில வினாடிகளில் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு அடங்கும். அப்படி மெல்ல அடங்குவதில்தான் மாஸ்கின் காந்தம் கலைகிறது. அடங்க வைப்பது போசிஸ்டர்: குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, சூடானால் தடை எகிறும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்க. செட் நன்றாக ஆறியிருக்கும்போது ஆன் செய்தால் "ம்ம்ம்" என்று ஒரு கனமான உறுமல் கேட்கிறதா? செட்டை அப்படியே கால் வட்டம் திருப்பி வைத்தால் கறையின் அளவோ நிறமோ மாறுகிறதா? வெளிச்சமான படம் ஓடி மாஸ்க் சூடானபின்தான் கறை வருகிறதா, ஆன் செய்ததிலிருந்தே இருக்கிறதா?

பதில் 2

மேலே அண்ணன் சொன்னது சரி. உள்ளே கை விடுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள்.

இந்தக் காலத்துச் செட்டுகளில் பலவற்றின் சேஸிஸ் (உள்ளே இருக்கும் சர்க்யூட் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்தது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் எர்த் உள்ள கருவி எதையும் அதில் மாட்டக் கூடாது. டியூபின் ஆனோடில் (ரப்பர் மூடியோடு தடித்த ஒயர் சேரும் இடம்) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆஃப் செய்த பிறகும் தங்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யும்போது (சார்ஜை இறக்கும்போது) ஆனோடைத் தொடும் ஒயரின் மறுமுனையை டியூபின் வெளிக்கருப்புப் பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த் பின்னலில் மாட்டுங்கள். சேஸிஸில் கண்ட இடத்தில் மாட்டினால் ஐ.சி.க்கள் போகும். ஒருமுறை டிஸ்சார்ஜ் செய்தாலும் கண்ணாடி கொஞ்சம் சார்ஜைத் திரும்பக் காட்டும், அதனால் சற்றுப் பொறுத்து மறுபடியும் செய்யுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

டியூப் கழுத்தில் முழங்கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குத்தான் இரும்புப் பட்டைப் பாதுகாப்பு. கழுத்து மெல்லிய கண்ணாடி, விரிசல் விட்டால் வெற்றிடம் போய்விடும், அந்த டியூபின் கதை அதோடு முடிந்தது.

கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி நண்பரே. ஆறிய செட்டில் ஆன் செய்தபோது உறுமல் எதுவும் கேட்கவில்லை. திருப்பி வைத்தால் இடது மூலைப் பச்சை வெளிறுகிறது, வலது பக்கம் அவ்வளவாக மாறவில்லை. கறை ஆன் செய்ததிலிருந்தே இருக்கிறது.

எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு டிகாஸிங் பிளக்கைக் கழற்றி அளந்தேன். காயில் இருபது ஓம் பக்கம் காட்டுகிறது, அதாவது அறுந்துபோகவில்லை. போசிஸ்டர் மூன்று கால் உள்ள கருப்பு டப்பா. காயிலுக்குப் போகும் காலில் மீட்டர் அசையவே இல்லை. கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருகிறது.

பதில் 1

குற்றவாளி கிடைத்துவிட்டது. உள்ளே இருக்கும் வில்லை நொறுங்கியிருக்கிறது, அதுதான் கலகலக்கிறது. பழைய போசிஸ்டர்களில் இது சகஜம். மாற்றும்போது கால் வரிசையை ஒப்பிட்டுப் பாருங்க. மூன்று கால் டப்பாவில் இரண்டு வில்லை இருக்கும்: ஒன்று காயிலோடு தொடராக, மற்றொன்று மெயின்ஸிலேயே இருந்து முதல் வில்லையைச் சூடாக வைத்திருக்க. கால் மாறிப் போட்டால் காயிலில் கரண்ட் அடங்காது, படத்தின் ஓரங்களில் நிறம் நடுங்கும்.

போட்டபின் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு ஏமாறாதீங்க. ஆழமாக ஏறிய காந்தம் ஒரே தடவையில் போகாது. அடுத்த முறைக்கு முன் செட்டை அரைமணி நேரமாவது ஆஃபில் வையுங்க. போசிஸ்டர் ஆறாமல் உடனே ஆன் செய்தால் காயிலுக்கு எதுவும் போகாது.

அப்படியும் தீரவில்லை என்றால் கையால் பிடிக்கும் டிகாஸிங் காயில் வேண்டும். திரைக்கு முன்னால் மெதுவாக வட்டமிட்டு, ஆன் நிலையிலேயே இரண்டு மீட்டர் பின்னால் நடந்து, காயிலைத் திரைக்குச் செங்குத்தாகத் திருப்பிய பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். திரைக்கு அருகில் வைத்து ஆஃப் செய்தால் முன்பைவிட மோசமாகக் காந்தம் ஏறும். செத்த டிவியிலிருந்து எடுத்த காயிலை நேராக மெயின்ஸில் செருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. இருபது ஓம் காயில் அதைத் தாங்காது, கையிலேயே கருகும்.

கேட்டவர்

புது போசிஸ்டர் போட்டதும் முதல் ஆனிலேயே உறுமல் கேட்டது, படமும் ஒரு கணம் துள்ளி அடங்கியது. ஆறவிட்டு ஆறவிட்டு ஆன் செய்ததில் இடது மூலைப் பச்சை முழுவதும் போய்விட்டது. வலது ஓரம் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. சிவப்பு நிழலும் அப்படியே. மாஸ்க் வளைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 3

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சிவப்பு நிழல் அப்படியே நிற்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அது கன்வெர்ஜன்ஸ் (மூன்று நிறக் கற்றைகளும் ஒன்றுசேர்வது) கோளாறு, பியூரிட்டி அல்ல. மாஸ்க் வளைந்திருந்தால் நிறம் கெடும், ஆனால் மூன்று கற்றைகளும் ஒன்றுசேரும் இடம் பிரியாது. ஒரே பக்கத்தில் இரண்டும் சேர்ந்து கெடுகிறது என்றால், கற்றைகளைத் திரை முழுக்க வளைத்து ஓட்டும் கழுத்துக் காயில்தொகுதியான யோக் சாய்ந்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் வளையங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது மூன்று கன்னும் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் டியூப். முக்கோணமாக கன் வைத்த பழைய டெல்டா டியூபில் கன்வெர்ஜன்ஸுக்கென்றே தனி போர்டும் அது நிறைய கன்ட்ரோல்களும் இருக்கும். 1972-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த மாதிரியான இன்லைன் டியூபில், திரையின் நடுவைக் கழுத்து ரிங்குகள் பார்த்துக்கொள்ளும். ஓரங்களைச் சரிசெய்வது யோக் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். அந்தச் சாய்வைப் பிடித்து வைப்பது யோக்கின் முன்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிய ரப்பர் ஆப்புகள். பெரும்பாலும் மூன்று இருக்கும். இத்தனை வருஷத்தில் பசை காய்ந்து ஒன்று விழுந்திருக்கலாம். கேபினட்டின் அடியில் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

இருக்கிறது ஐயா! ஸ்பீக்கருக்குப் பின்னால் தூசியோடு தூசியாக, கட்டைவிரல் அளவில் கருப்பு ரப்பர் ஆப்பு. ஒரு முகத்தில் பழுப்பேறிய பசை செதில் செதிலாக ஒட்டியிருக்கிறது. யோக்கின் வலது மேல்பக்கம் அதே பழுப்புத் தடம் கண்ணாடியிலும் தெரிகிறது.

பதில் 3

அந்தத் தடம்தான் உங்கள் அளவுகோல், அதைத் துடைத்துவிடாதீர்கள். மற்ற இரண்டு ஆப்புகளை அசைக்காமல், யோக் கிளாம்பைத் தளர்த்தாமல், இதை மட்டும் பழைய தடத்திலேயே செருகுங்கள். சோதனைப் படம் தரும் பேட்டர்ன் ஜெனரேட்டரில் கட்டக்கோடு வைத்து, வலது ஓரத்தில் சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று விழும்வரை ஆப்பை நூலளவு தள்ளியோ இழுத்தோ பாருங்கள். செட் ஓடும்போது யோக்கில் வெறும் கை படக் கூடாது. ஆஃப் செய்து நகர்த்துங்கள், ஆன் செய்து பாருங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இடம் சரியானதும் சிலிக்கான் பசை வைத்து ஓர் இரவு காயவிடுங்கள்.

டியூபின் கூம்புப் பகுதியில் சின்னக் காந்தத் துண்டோ உலோகப் பட்டையோ ஒட்டியிருந்தால் அதையும் எடுக்காதீர்கள். அந்த ஒரு டியூபுக்காகவே பார்த்து ஒட்டியது அது.

கேட்டவர்

கட்டக்கோடு வலது ஓரம்வரை வெள்ளையாக வந்துவிட்டது, சிவப்பு நிழல் இல்லை. கத்தரிப்பூக் கறையும் போய்விட்டது. முழுச் சிவப்புத் திரை வைத்தால் மட்டும் கீழ் வலது முனையில் மிக லேசாக ஒரு மாற்றம் தெரிகிறது, படம் ஓடும்போது தெரியவில்லை. இதற்கு ரிங்கைத் தொட வேண்டுமா?

பதில் 1

வேண்டாம் தம்பி. பசை காய்ந்தபின் செட்டை அதன் நிரந்தர இடத்தில், அது பார்க்கப்போகும் திசையிலேயே வைத்து இன்னொரு முறை டிகாஸ் ஆகவிடுங்க. பூமியின் காந்தப்புலத்துக்கும் இதில் பங்கு உண்டு, பெஞ்சில் இருந்த திசையும் அங்கே இருக்கும் திசையும் ஒன்றாக இராது. அதற்குப் பிறகும் படத்தில் கறை தெரிந்தால் முழுச் சிவப்புத் திரையைப் போட்டோ எடுத்துப் போடுங்க, பார்க்கலாம். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் பக்கத்தில் வரவே கூடாது.