71 மஸ்டாங், 351 கிளீவ்லேண்ட்: டவுனில் சமர்த்து, ஹைவேயில் கொதிக்கிறது

டல்லாஸ்_மாமா:

வணக்கம். வண்டி 1971 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1, 351 (கன அங்குலம்) கிளீவ்லேண்ட் எஞ்சின், இரண்டு பேரல் கார்பரேட்டர், ஆட்டோமேட்டிக், ஏசி கிடையாது. குளிர்காலத்தில் வாங்கியபோது ஒரு தொல்லையும் இல்லை. டெக்சாஸ் வெயில் நூறைத் தாண்டியதும்தான் சுயரூபத்தைக் காட்டுகிறது. சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் 195ல் அப்படியே இருக்கும் (எல்லாமே ஃபாரன்ஹீட்). ஆனால் ஹைவேயில் 70 மைல் வேகத்தில் கால் மணி நேரம் போனால் முள் 210, 220 என்று ஏறி 230 வரை போய்விடுகிறது, எக்சிட்டில் இறங்கி மெதுவாகப் போனால் தானாகவே தணிகிறது. வழக்கமாக எல்லோரும் டிராஃபிக்கில்தான் ஹீட் ஆகுது என்று புலம்புவார்கள், எனக்குத் தலைகீழ்.

முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டர் (அலுமினியம், இரண்டு வரிசை), வாட்டர் பம்ப், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) எல்லாமே புதிதாகப் போட்டிருக்கிறார், பில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி 16 பிஎஸ்ஐ. கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. எல்லாம் புதிது என்றால் எதைத்தான் மாற்றுவது? மூன்று வரிசை ரேடியேட்டருக்கு 600 டாலர் சொல்கிறார்கள், வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பீளமேடு_ராஜா:

ஏனுங்க, இதுக்குப் போய் 600 டாலரா? தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிட்டு ஓட்டுங்க. எங்க ஊர்ல அம்பாசடர் ஓடின காலத்துல கோடை வந்தா வொர்க்‌ஷாப்ல முதல் வேலையே அதுதான். தடையில்லாம தண்ணி ஓடும், சூடும் ஏறாது.

பழைய_இரும்பு:

ராஜா சார் சொன்னதை மட்டும் இந்த எஞ்சினில் தயவுசெய்து செய்யாதீர்கள், இருக்கிற சூடு இன்னும் கூடும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நின்றால் சூடு ஏறவில்லை, ஓடினால்தான் ஏறுகிறது. அப்படியென்றால் ஃபேன், ஃபேன் கிளட்ச், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) மூன்றையும் மறந்துவிடலாம். 70 மைலில் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் போகிறது, அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. மிச்சம் இருப்பது தண்ணீர் ஓட்டம், ரேடியேட்டர் அடைப்பு, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்), பெட்ரோல் குறைந்து லீனாக எரிவது, அப்புறம் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு). கடைசி ஒன்றுக்கு ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது, எரிந்த வாயு கசிந்தால் மஞ்சளாக மாறும், உதிரிபாகக் கடைகளில் இரவல் கொடுப்பார்கள். வண்டி ஆறிய பிறகு மூடியைத் திறங்கள், சொல்ல வேண்டியதில்லை.

ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஹைவேயில் முள் ஏறினதும் பக்கத்துக் கேஸ் ஸ்டேஷனில் ஒதுங்கி, எஞ்சினை அணைக்காமல், யாரையாவது பெடலில் காலை வைத்து 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லி, ரேடியேட்டருக்குள் போகிற இடத்திலும் வெளியே வருகிற இடத்திலும் சூட்டை அளந்து பாருங்கள். ஒரு விஷயம், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அந்தத் துப்பாக்கியைக் காட்டினால் பொய் சொல்லும், குறைவாகத்தான் காட்டும். அளக்கிற இடத்தில் கறுப்பு டேப் ஒட்டுங்கள், அல்லது ரப்பர் ஹோஸ் மேலேயே அளங்கள். அப்படியே கீழ் ஹோஸையும் கவனியுங்கள், ரேஸ் பண்ணும்போது உள்ளே சப்பிக்கொள்கிறதா என்று. அதனுள்ளே ஸ்பிரிங் இல்லையென்றால் பம்ப் இழுக்கிற இழுப்பில் ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீர் நின்றுவிடும்.

டல்லாஸ்_மாமா:

நன்றி அண்ணே. நீலத் திரவம் நிறம் மாறவில்லை, நீலமாகவே இருந்தது. கீழ் ஹோஸ் சப்பவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், டேப் ஒட்டாமல் அளந்தபோது ரேடியேட்டர் ஏதோ ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது போலக் காட்டியது. டேப் ஒட்டிய பிறகு உள்ளே போவது 225, வெளியே வருவது 160. ரேடியேட்டர் முகம் முழுக்க அங்கங்கே அளந்து பார்த்தேன், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சீராகத்தான் இறங்குகிறது, திடீரென்று ஆறிப்போன இடம் எதுவும் இல்லை. 65 டிகிரி இறக்குகிறது என்றால் ரேடியேட்டர் அருமையாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பழைய_இரும்பு:

ரேடியேட்டர் நல்ல ரேடியேட்டர்தான், 600 டாலரை வங்கியிலேயே வைத்திருங்கள். ஆனால் 65 இறங்குவது நல்ல செய்தி இல்லை. சாதாரணமாக 20, 30 டிகிரி இறங்கும். இவ்வளவு இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குள் வருகிற தண்ணீரே கொஞ்சம், அது சாவகாசமாக ஓடி நன்றாக ஆறிவிடுகிறது. மிச்சத் தண்ணீர் வேறு எங்கேயோ சுற்றுகிறது.

எங்கே என்பதுதான் கிளீவ்லேண்டின் கதை. 351 என்று ஃபோர்டு ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சின் விற்றது, ஒன்று கனடாவில் வின்சரில் செய்தது, இன்னொன்று ஒஹாயோவில் கிளீவ்லேண்டில். போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.5 அங்குலம், இரண்டுக்கும் ஒன்றே. அதற்கு மேல் ஒற்றுமையைத் தேட வேண்டாம். வின்சரில் தெர்மோஸ்டாட் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும், பைபாஸ் தண்ணீர் (ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்புவது) வெளியே தெரிகிற சின்ன ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்பும். கிளீவ்லேண்டில் இன்டேக் பக்கம் தண்ணீரே போகாது. தெர்மோஸ்டாட் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும், அதற்கு நேர் கீழே நடுவில் ஓட்டையுள்ள ஒரு பித்தளைத் தட்டு, அந்த ஓட்டைதான் பைபாஸ். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அதன் வழியாக நேராகப் பம்புக்குப் போய் எஞ்சினையே சுற்றிவரும். சூடானதும் அந்த ஓட்டை மூடப்பட வேண்டும். மூடுவது யார்? தெர்மோஸ்டாட்டேதான். கிளீவ்லேண்டுக்கு உரிய தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தொப்பி இருக்கும், மேலே வால்வு திறக்கத் திறக்க அது கீழே இறங்கி ஓட்டையை அடைக்கும்.

வின்சர் தெர்மோஸ்டாட்டுக்குத் தொப்பி கிடையாது. ஆனால் அளவு பொருந்தி உட்கார்ந்துவிடும், அதுதான் வினை. கடையில் போய் "351க்கு ஒரு தெர்மோஸ்டாட்" என்றால் எதிரே இருப்பவர் எந்த 351 என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்க நிறைய வாய்ப்பு. அதைப் போட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். 225ல் இருக்கிற தண்ணீர் ஆறாமலேயே பம்புக்குள் வந்து, ரேடியேட்டரிலிருந்து வருகிற 160 தண்ணீரோடு கலந்து, மறுபடி எஞ்சினுக்குள் போகிறது. டவுனில் எஞ்சின் உண்டாக்கும் சூடு குறைவு, சமாளித்துவிடும். ஹைவேயில் முடியாது. இப்போது ராஜா சாருக்கு: தெர்மோஸ்டாட்டை மொத்தமாகக் கழற்றினாலும் இதே கதிதான், ஓட்டையை மூட ஆளே இல்லை.

மெல்பர்ன்_குமார்:

இங்கே ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ஃபால்கன் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம், நம் ஊர் ஜீலாங்கிலேயே ஃபோர்டு இந்த எஞ்சினைச் செய்தது. பன்டேரா (இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறவர்களுக்கும் இதே எஞ்சின், இதே பாட்டு. என்னுடையது எக்ஸ்பி (XB) ஃபால்கன். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: திறக்கும்போது அந்தப் பித்தளைத் தட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிலர் தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கிறதே என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள், என் வண்டியில் ஏதோ ஒரு மகராசன் அப்படித்தான் செய்திருந்தான். தட்டு இல்லையென்றால் சரியான தெர்மோஸ்டாட் போட்டும் புண்ணியமில்லை, தொப்பி எதன் மேல் உட்காரும்? தட்டு தனியாகவும் புதிதாகக் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் 180 டிகிரி வாங்குங்கள், உங்கள் ஊர் கணக்கில்தான் சொல்கிறேன். 160 வாங்காதீர்கள், சீக்கிரம் திறக்குமே தவிர ஹைவே சூட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

டல்லாஸ்_மாமா:

திறந்தாயிற்று. தட்டு இருக்கிறது, கறுத்துப்போய் இருந்தாலும் முழுசாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் ஸ்பிரிங்கும் செம்புக் குப்பியும்தான். சரியானதை வரவழைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நூலில் கட்டிப் பால் காய்ச்சுகிற பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன் (வீட்டில் திட்டு தனி). 180ஐத் தாண்டியதும் இரண்டுமே திறந்தன. பழையதில் மேலே வால்வுத் தட்டு மட்டும் நகர்ந்தது. புதியதில் அடியிலிருந்த தொப்பி மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது, கிட்டத்தட்டக் கால் அங்குலம் இருக்கும். இதைப் பார்க்காமல் யாருக்கும் புரியாது.

புதியதைப் போட்டு, காற்று வெளியேறும் வரை மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, நேற்று மதியம் 101 டிகிரி வெயிலில் அதே ஹைவேயில் போனேன். 70 மைலில் 198, அதற்கு மேல் ஏறவே இல்லை. ரேடியேட்டரில் இப்போது 28 டிகிரிதான் இறங்குகிறது.

பீளமேடு_ராஜா:

சூப்பருங்க. இந்தத் தொப்பி சமாச்சாரம் எனக்குப் புதுசு. அப்ப டைமிங் பார்க்க வேண்டியதில்லையா?

டல்லாஸ்_மாமா:

அதையும் பார்த்தேன் ராஜா, ஒரு குழப்பம். டைமிங் லைட் அடித்தால் 6 டிகிரி (இது சூடு இல்லை, சுழலும் கோணம்) காட்டுகிறது, ஆனால் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்து டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைப் பார்த்தால் குறி கிட்டத்தட்ட 5 டிகிரி தள்ளி நிற்கிறது. பேலன்சரில் (கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம், டைமிங் குறி இதில்தான் இருக்கும்) உள் மையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இருக்கிற ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கித் தெரிகிறது. வண்டி நன்றாக ஓடுவதால் இதைக் கோடை முடிந்து பார்க்கலாமா?

பழைய_இரும்பு:

வேண்டாம். ரப்பர் விட்டு வளையம் நகர்ந்திருக்கிறது, அதனால்தான் குறி பொய் சொல்கிறது. டைமிங் தப்பு என்பதோடு போனால் பரவாயில்லை, வளையம் ஒருநாள் முழுசாகக் கழன்றால் நேராக முன்னால் வந்து ஃபேனையும் அந்தப் புது ரேடியேட்டரையும் கிழித்துவிடும். புது பேலன்சர் போடும் வரை ஹைவே பக்கம் எடுக்காதீர்கள், வாங்கும்போது மறக்காமல் கிளீவ்லேண்ட் என்று சொல்லி வாங்குங்கள்.